வீடும் மில்லும் ஒரே நிலத்தில்: வருமான வரிக் கணக்கில் எந்தப் பராமரிப்புச் செலவு கழியும், எது கழியாது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றபோது கையில் வந்த இ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் போட்டு, தோட்டத்து எல்லைக்கு வெளியே அரை ஏக்கர் நிலம் வாங்கினார். அப்பா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிலம் இப்போது மகள் பெயரில். முன்பக்கம் குடும்பம் வசிக்கும் வீடு, பின்பக்கம் மசாலா அரவை மில். மிளகாய், மல்லி, மஞ்சள் அரைத்துப் பொட்டலம் போட்டு சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ கடைகளுக்குக் கொடுக்கிறார். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் சாமான்களையும் கூலிக்கு அரைத்துத் தருகிறார். எஸ்.எஸ்.எம். என்னும் தொழில் பதிவு ஆணையத்தில் பதிவு அவர் பெயரில், வேலைக்கு இரண்டு பெண்கள்.

போன ஆண்டு நிலத்தையும் கட்டடங்களையும் சீர்படுத்த 40,100 ரிங்கிட் செலவாகியிருக்கிறது. மில்லுக்குப் புதுத் தகரக் கூரை 6,800. வீட்டுச் சமையலறைக் கூரை ஒழுகியதைச் சரிசெய்ய 3,200. சாலையிலிருந்து மில் வரைக்கும் சிமெண்டுப் பாதை 9,000. பழைய முள்கம்பி வேலியை எடுத்துவிட்டுச் சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் 12,500. வேலைக்காரப் பெண்களுக்கு மில்லை ஒட்டிக் கழிப்பறை 4,200. முன்வாசலில் இருக்கும் முனியாண்டி சாமி மேடைக்குக் கூரையும் வர்ணமும் 2,600. புல் வெட்டவும் கால்வாய் சுத்தம் செய்யவும் மாதம் 150 வீதம் 1,800.

கணக்கு எழுதித் தருபவர் அவருடைய கொழுந்தனார். "ஒரே நிலம், ஒரே முகவரி, எஸ்.எஸ்.எம்.-லயும் அதே முகவரிதான். எல்லாத்தையும் பிஸ்னஸ் செலவில் போட்டுடலாம்" என்கிறார் அவர். முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் 'பராமரிப்பு' என்று ஒரே வரியில் 14,000, 11,000 என்று போட்டிருக்கிறார். நிலம் உங்கள் சொந்தம், அதனால் மில் உங்களுக்கு மாதம் 800 ரிங்கிட் வாடகை கொடுப்பதாக எழுதலாம் என்றும் சொல்லியிருக்கிறார். தோழி ஒருவர், வீட்டிலேயே தொழில் செய்பவர்களுக்கு வீட்டுச் செலவில் 30 விழுக்காட்டைத் தாராளமாக அனுமதிப்பார்கள் என்றாராம். இதற்கிடையில் தெரிந்த ஒருவருக்கு வருமான வரி தணிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. "அப்பா வாங்கிய மண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வரவில்லை" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வரிக் கணக்கால் உங்கள் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதியிருப்பது திருத்திக்கொள்ளக்கூடிய தவறு. எவ்வளவு பணம் சம்பந்தப்பட்டது என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன். நீங்கள் பயப்படும் அளவுக்கு அது பெரிய தொகை இல்லை.

தோட்டப்புறத்து மக்களுக்கு நிலம் என்றால் என்ன என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து ரிங்கிட்டாகச் சேர்த்து நிலம் வாங்கினார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்கு நிலம் என்பது கூறுபோட முடியாத ஒரே பொருள். வீடு, மில், சாமி மேடை, வாழைமரம் எல்லாம் சேர்ந்ததுதான் 'நம்ம இடம்'. உங்கள் கொழுந்தனார் பேசுவதும் அந்த மனதிலிருந்துதான். அவர் ஏமாற்ற நினைப்பவராக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வரிச் சட்டம் நிலத்தைப் பார்ப்பதில்லை. செலவைத்தான் பார்க்கிறது. 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வருமானம் ஈட்டுவதற்காகவே, முழுக்க அதற்கென்றே செய்த செலவைக் கழிக்கலாம் என்கிறது. தொழிலுக்குப் பயன்படும் இடத்தையும் இயந்திரத்தையும் பழுதுபார்க்கும் செலவும் அதே பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது. 39-ஆம் பிரிவு மறுபக்கம்: குடும்பச் செலவு, சொந்தச் செலவு, மூலதனச் செலவு கழியாது. எஸ்.எஸ்.எம். சான்றிதழில் எந்த முகவரி இருக்கிறது என்ற கேள்வியே இந்த இரண்டு பிரிவுகளிலும் கிடையாது. அது தொழிலைப் பதிவு செய்த முகவரி, அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொரு ரசீதையும் கையில் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது மில்லுக்காகச் செய்ததா, வீட்டுக்காகவா, இரண்டுக்குமா? அடுத்து, இது பழையதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த ரிப்பேரா, இல்லாத ஒன்றைப் புதிதாகச் செய்ததா? உங்கள் கொழுந்தனார் முதல் கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டாவது கேள்வியைக் கணக்குப் பழகிய பலருமே மறந்துவிடுகிறார்கள்.

கூரையும் கழிப்பறையும்

மில் கூரையைப் பாருங்கள். துருப்பிடித்த தகரத்தை எடுத்துவிட்டுப் புதுத் தகரம் போட்டது ரிப்பேர்தான். கூரை முழுவதையும் மாற்றினாலும், கட்டடம் என்ற முழுப் பொருளில் கூரை ஒரு பகுதி. பகுதியை மாற்றுவது பழுதுபார்ப்பு. ஆனால் நீங்கள் அனுப்பிய பில்லில் ஒரு வரி இருக்கிறது: மூட்டை அடுக்கப் பரண் வைக்கவும் அதற்காகக் கூரையை மூன்றடி உயர்த்தவும் 1,500. முன்பு இல்லாத பரண் இப்போது வந்திருக்கிறது. அது மேம்பாடு, மூலதனச் செலவு. ஆக 6,800-இல் 5,300 உடனே கழியும். 1,500 கழியாது.

அந்த 1,500 வீண் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மில் இயந்திரம் வைத்துப் பொருளை அரைத்து மாற்றும் இடம். சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் இது தொழிற்சாலைக் கட்டடம். அதற்கு ஆகும் மூலதனச் செலவில் முதல் ஆண்டு 10 விழுக்காடும், அதோடு ஆண்டுதோறும் 3 விழுக்காடும் 'கட்டடப் படி' என்ற பெயரில் கழித்துக்கொள்ளலாம். வேலைக்காரப் பெண்களுக்குக் கட்டிய கழிப்பறையும் இதே கணக்கில் சேரும். பரண் 1,500, கழிப்பறை 4,200, இரண்டும் சேர்த்து 5,700. முதல் ஆண்டு 13 விழுக்காடு, அதாவது 741 ரிங்கிட். சின்னத் தொகைதான், ஆனால் அடுத்த ஆண்டுகளிலும் 171 ரிங்கிட் வீதம் வந்துகொண்டே இருக்கும். உங்கள் வரி பாரத்தில் (படிவத்தில்) இதுவரை இந்தக் கட்டடப் படியைக் கேட்டதே இல்லை. மில்லைக் கட்டியபோது ஆன செலவுக்கு ரசீது இருந்தால் தேடி எடுங்கள், அதற்கும் இது பொருந்தும்.

வீட்டுச் சமையலறைக் கூரை 3,200 கழியாது. "சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் மில் கணக்கு எழுதுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். என் அம்மாவும் அப்படித்தான் தையல் கணக்கு எழுதுவார். ஆனால் அந்த மேசையில் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பாடம் படிக்கிறார்கள். கணக்கு எழுதுவதால் அது அலுவலகம் ஆகிவிடாது. ஒரு அறையைத் தொழிலுக்கென்றே ஒதுக்கினால் பேச இடம் உண்டு. அப்போதும்கூடச் சமையலறை ஒழுகியதை அந்த அறையின் செலவு என்று சொல்ல முடியாது.

பாதை

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் யோசிக்க வைத்தது இந்த 9,000 தான். நூறடிப் பாதை. சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை முதல் அறுபதடி, குடும்பக் காரும் மில் வேனும் இரண்டும் போகும். அங்கே ஏற்கனவே சிமெண்டு இருந்தது, வெடித்துப் பள்ளமாகிக் கிடந்ததைப் பெயர்த்துத் திரும்பப் போட்டீர்கள். அடுத்த நாற்பதடி மில்லுக்கு மட்டும் போகிறது. அங்கே செம்மண்தான் இருந்தது, இப்போதுதான் முதல்முறையாகச் சிமெண்டு.

'மில்லுக்கு மட்டும் போகும் நாற்பதடி முழுக்கக் கழியும், பொதுப் பாதைதான் சிக்கல்' என்று நினைக்கத் தோன்றும். உண்மை நேர்மாறானது. அந்த நாற்பதடி முழுக்கத் தொழிலுக்கானதுதான், ஆனால் செம்மண்ணைச் சிமெண்டாக்கியது ரிப்பேர் இல்லை, புதிய அமைப்பு. அதனால் பழுதுபார்ப்புச் செலவாகக் கழியாது. பொது அறுபதடியோ உண்மையான ரிப்பேர். அதில் தொழில் பங்கு கழியும்.

அடிக்கணக்கில் பிரித்தால் பொதுப் பகுதிக்கு 5,400. அதில் மில்லின் பங்கு எவ்வளவு? ஒரு மாதம் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிடுங்கள். வேன், வாடிக்கையாளர் மோட்டார் சைக்கிள், சாமான் லோரி ஒரு பக்கம், வீட்டுக் கார், பள்ளி வேன், விருந்தாளி மறுபக்கம் என்று கோடு போட்டு வாருங்கள். நூற்றுக்கு அறுபது தடவை தொழிலுக்கு என்று வந்தால் 60 விழுக்காடு, 3,240 ரிங்கிட். யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அந்த நோட்டு கையில் இருக்கும்.

கழியாதவை

சுற்றுச்சுவரும் கேட்டும் 12,500. முள்கம்பி வேலியில் அறுந்த இடத்தை இழுத்துக் கட்டியிருந்தால் ரிப்பேர். கம்பியை எடுத்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பியது வேறு பொருள். அதோடு அது முதன்மையாக வீட்டைத்தான் காக்கிறது. இதை விட்டுவிடுங்கள். ரசீதை மட்டும் விடாதீர்கள். என்றைக்காவது நிலத்தை விற்க நேர்ந்தால், நில ஆதாய வரிக் கணக்கில் நிலத்தின் மதிப்பைக் கூட்டிய செலவாக இதைக் காட்டலாம். புதிய நாற்பதடிப் பாதையும் அப்படியே. இப்போது குடிமக்கள் ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்த நிலத்தை விற்றால் அந்த வரி இல்லை, 2022 ஜனவரி 1 முதல் அப்படி. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள், 2019 முதல் 2021 வரை, அதே நிலைக்கு 5 விழுக்காடு வரி இருந்தது. விதி மாறக்கூடியது என்பதால் ரசீதுக்கு ஒரு தனிக் கோப்பு வையுங்கள்.

'கடைப் புதுப்பிப்புக்கு மூன்று லட்சம் வரைக்கும் கழிக்கலாம்' என்று யாராவது சொன்னால், அது கோவிட் காலச் சலுகை. 2020 மார்ச் 1-இல் தொடங்கி 2022 டிசம்பர் 31-இல் முடிந்துவிட்டது. போன ஆண்டு கட்டிய சுவருக்கு அது உதவாது.

சாமி மேடை 2,600. இதை எழுதக் கொஞ்சம் தயங்கினேன். மில்லைத் திறக்குமுன் அங்கே சூடம் ஏற்றிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறேன், வேலைக்காரப் பெண்களும் கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள் என்கிறீர்கள். உங்களுக்கு அது தொழிலின் தொடக்கமாகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது குடும்ப வழிபாடு, சொந்தச் செலவு. நன்கொடைக் கழிவும் கிடைக்காது, ஏனென்றால் அது அரசு அங்கீகரித்த அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும்தான். முனியாண்டிக்குச் செய்ததை உங்கள் கைப்பணத்தில் செய்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனசுக்கும் அதுதான் நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

புல் வெட்டும் 1,800-இல் ஒரு பங்கு கழியும். மூன்றில் ஒரு பங்கு வேலை மில்லைச் சுற்றியும் அதன் கால்வாயிலும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 600. ஆனால் வேலையாள் தரும் சீட்டில் 'புல் வெட்டு 150' என்று மட்டும் இருக்கிறது. இனிமேல் 'மில் பக்கம் 50, வீட்டுப் பக்கம் 100' என்று இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள். ரசீது கொடுக்காத ஆளாக இருந்தால் நீங்களே வவுச்சர் எழுதி, பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், தேதி, கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டும் புல்லுக்குக் கூலி போட முடியாது, காசு கைமாறாத உழைப்பு செலவாகாது.

30 விழுக்காடு என்று ஒன்று இல்லை

வீட்டில் தொழில் செய்பவர்களுக்கு இவ்வளவு என்று நம் சட்டத்தில் நிலையான விகிதம் கிடையாது. உங்கள் நிலத்தில் ஒரே விகிதம் எல்லாவற்றுக்கும் பொருந்தவும் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சுக்காய் பிந்து, அதாவது நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரியில், கட்டடப் பரப்பை வைத்துப் பிரிப்பது நியாயம். வீடு 1,400 சதுர அடி, மில்லும் சரக்கறையும் 900. மில்லின் பங்கு 39 விழுக்காடு. சுக்காய் தானா என்னும் நிலவரியோ மண்ணுக்கான வரி. அரை ஏக்கர் என்றால் 21,780 சதுர அடி. மில் 900, மிளகாய் காயப்போடும் களம் 600, வேன் நிற்கும் இடம் 500, மொத்தம் 2,000. பங்கு 9 விழுக்காடு மட்டுமே. தோழி சொன்ன 30-ஐப் போட்டால் ஒன்றில் உங்களுக்கு நட்டம், இன்னொன்றில் தவறான கணக்கு. இத்தனை நாள் இந்த இரண்டு வரிகளிலும் ஒரு காசுகூட நீங்கள் கழிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். கழியாததைக் கழித்து, கழிய வேண்டியதை விட்டிருக்கிறீர்கள்.

மின்சாரத்துக்கு வேறு வழி. உங்கள் மோட்டார் ஐந்து குதிரைத்திறன், அதாவது சுமார் 3.7 கிலோவாட். ஒரு நாள் நான்கு மணி நேரம், மாதம் 24 நாள் ஓடினால் 355 யூனிட். அந்த மாத பில்லில் 900 யூனிட் என்றால் மில்லின் பங்கு 39 விழுக்காடு. இதற்காகத் தினமும் மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் சுவரில் எழுதி வைத்தால் போதும். ஆனால் என் விருப்பம், மில்லுக்கு மின்சார நிறுவனமான டி.என்.பி.யில் தனி மீட்டர் கேட்டு வாங்குவது. வீட்டுக் கட்டணம் வீட்டுப் பயன்பாட்டுக்குத்தான் என்பதால், மில்லை அதே மீட்டரில் ஓட்டுவது வரியைத் தாண்டிய இன்னொரு சிக்கல். தனி பில் வந்துவிட்டால் பிரிக்கும் வேலையும் இல்லை, அது முழுக்கக் கழியும்.

உங்களுக்கு நீங்களே வாடகை

இது முடியாது. எஸ்.எஸ்.எம்.-இல் உங்கள் பெயரில் பதிந்த தனியாள் தொழிலும் நீங்களும் சட்டத்தில் ஒரே ஆள். ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவதை வாடகை என்று எழுத முடியாது. உங்களுக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் சம்பளமும் அப்படியே. நிலம் உங்கள் அம்மா பெயரில் இருந்து, நீங்கள் உண்மையாகவே மாதாமாதம் அவருக்கு வாடகை கொடுத்து, ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையும் கட்டியிருந்தால் கதை வேறு. அப்போது உங்களுக்கு அது செலவு, அம்மாவுக்கு வருமானம், அவர் அதைக் காட்ட வேண்டும். உங்கள் நிலை அது இல்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் 25,000 கடன் வாங்கி, 10,000-ஐ மில்லுக்கும் 15,000-ஐ வீட்டுக்கும் சுவருக்கும் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டியில் 40 விழுக்காடு கழியும். முதல் கழியாது, வட்டி மட்டும்தான். பணம் எங்கே போனது என்பதைக் காட்டும் வங்கிப் பதிவை எடுத்து வையுங்கள்.

எவ்வளவு பணம், எவ்வளவு ஆபத்து

இப்போது கூட்டிப் பார்ப்போம். கூரை 5,300, பாதை 3,240, புல் 600. நேரடிக் கழிவு 9,140. அதோடு கட்டடப் படி 741. ஆக 40,100-இல் இந்த ஆண்டுக்கு வரவேண்டியது 9,881 ரிங்கிட். மீதி 30,219-ஐச் சேர்த்துப் போட்டால் என்ன லாபம்? சரியாகக் கழித்த பிறகு உங்கள் வரிக்குரிய வருமானம் 68,000 என்று வைத்துக்கொள்வோம். 50,000-க்கு மேல் 70,000 வரை 11 விழுக்காடு, அதற்குக் கீழே 35,000 வரை 6 விழுக்காடு. அந்த 30,219-ஆல் குறையும் வரி சுமார் 2,700 ரிங்கிட்தான்.

தவறான கணக்குக் கொடுத்தால் 113-ஆம் பிரிவின்படி, குறைத்துக் கட்டிய வரியின் அளவுக்கே அபராதம் போட வருமான வரி வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 2,700-ஐக் கட்டி, மேலே இன்னொரு 2,700 வரைக்கும் கட்ட வேண்டிவரலாம். வழக்கமாக ஐந்து ஆண்டுகள் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். வேண்டுமென்றோ அசட்டையாலோ செய்தது என்று கண்டால் அந்தக் காலவரம்பும் கிடையாது. இந்தத் தொகைக்காக நீங்கள் தூக்கத்தை இழந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முந்தைய இரண்டு ஆண்டுகளின் 14,000, 11,000 பற்றி: தணிக்கைக் கடிதம் வரும் வரை காத்திருக்காதீர்கள். தொழில் செய்பவர்களுக்கான பி பாரத்தின் கெடு ஜூன் 30. அந்தக் கெடுவுக்குப் பின் ஆறு மாதங்களுக்குள் என்றால், குறைத்துக் காட்டியதை ஒருமுறை திருத்தப் பாரம் கொடுத்தே சரிசெய்யலாம். அதைத் தாண்டிய ஆண்டுக்கு, உங்கள் கோப்பு இருக்கும் வரி வாரியக் கிளைக்கு நீங்களே முன்வந்து எழுத வேண்டும். தணிக்கை தொடங்குமுன் தானாக வந்து சொல்பவர்களுக்கு அபராதம் குறைவு, என் அனுபவத்தில் அவர்களை நடத்தும் விதமும் வேறு. அதே சமயம், விட்டுப்போன மதிப்பீட்டு வரிப் பங்கு, கட்டடப் படி போன்றவற்றுக்கு 131-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டுகளுக்குள் நிவாரணம் கேட்க வழி இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கட்ட வேண்டியது இன்னும் குறையலாம்.

கொழுந்தனாரிடம் இதைச் சொல்லும்போது சண்டை வேண்டாம். இத்தனை ஆண்டு காசு வாங்காமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பாரத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, பொறுப்பும் உங்களுடையது. 'அவர்தான் எழுதினார்' என்பது வாரியத்தில் பதிலாகாது என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

கெரானைப் பாருங்கள்

இது வரியைச் சேர்ந்த விஷயம் இல்லை, ஆனால் நிலத்தைப் பற்றிப் பயப்படுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். கெரானில், அதாவது நிலப் பட்டாவில், நிலத்தின் வகை 'பெர்தானியான்' (விவசாயம்) என்றா, 'பாங்குனான்' (கட்டடம்) என்றா, தொழில் என்றா இருக்கிறது? விவசாய நிலத்தில் குடியிருக்க வீடு கட்டுவது வேறு, மற்றவர் சாமானை அரைத்துக் கொடுக்கும் மில் வைப்பது வேறு. வகைக்குப் பொருந்தாமல் இருந்தால் கோலகங்சார் நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், தேசிய நிலச் சட்டத்தின் 124-ஆம் பிரிவு அதற்குத்தான். நிபந்தனை மீறலுக்கு நிலச் சட்டத்தில் கடுமையான நடவடிக்கைகள் இருக்கின்றன. அப்பா வாங்கிய மண்ணுக்கு ஆபத்து என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான், வரி பாரத்தில் இல்லை. மில்லின் வியாபார உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் அதே பயணத்தில் நகராண்மைக் கழகத்தில் பார்த்துவிடுங்கள். வருமான வரி ஒழுங்காகக் கட்டுவதால் நில நிபந்தனை சரியாகிவிடாது. நில நிபந்தனை சரியில்லை என்பதால் வரி கட்டாமலும் இருக்க முடியாது.

இந்த வாரம்

ஒரு காகிதத்தில் நிலத்தைப் படமாக வரையுங்கள். அளவு நாடா பிடித்து வீடு, மில், சரக்கறை, களம், வேன் இடம், பாதையின் இரண்டு பகுதி, எல்லாவற்றையும் அடியில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அதன் பின்னால் ரசீதுகளை மூன்று கோப்பாகப் பிரியுங்கள்: மில், வீடு, பொது. மூலதனச் செலவுக்கு நான்காவது கோப்பு. எல்லாவற்றையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது 82-ஆம் பிரிவு. நம் ஊர் ரசீதுகளின் மை ஓராண்டில் மறைந்துவிடும், அதனால் இன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கூரை மாற்றுமுன் பழைய தகரத்தை யாராவது படம் எடுத்திருந்தால் தேடிப் பாருங்கள். உங்கள் மகள் வேலையாட்களோடு எடுத்த படம் ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்களே, பின்னால் துருப்பிடித்த பழைய கூரை தெரியும் என்று. 5,300 ரிங்கிட் ரிப்பேர்தான் என்பதற்கு அந்தப் படத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பில்லோடு சேர்த்து முதல் கோப்பில் வையுங்கள்.